ராமேஸ்வரத்தின் ஈரப் பிராகாரம்

ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் உள்ளன, பெரும்பாலானவை கிணறுகள். பக்தர் முதலில் கோயிலுக்குக் கிழக்கே கடலில், அக்னி தீர்த்தத்தில், முழுகி எழுகிறார். துணி உடம்போடு ஒட்ட, காலில் மணலோடு, அப்படியே கோயிலுக்குள் வந்து கிணறு கிணறாகப் போகிறார்.

முதல்முறை வரும் நகரவாசிக்கு இது சட்டென்று பிடிப்பதில்லை. 'ஈரத்துணியோடு நிற்காதே, சளி பிடிக்கும்' என்று கேட்டு வளர்ந்தவர் அவர். இங்கோ கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் சொட்டச் சொட்ட நடக்கிறார்கள். கல்தரை வழுக்குகிறது. படங்களில் பார்த்து வியந்த நீண்ட பிராகாரத்தில் நிமிர்ந்து தூண்களைப் பார்க்கக்கூட முடியாமல், அடுத்த அடியை எங்கே வைப்பது என்றே கவனம் போகிறது.

கிணற்றின் சுவர்மேல் யாத்திரைப் பணியாளர் நிற்கிறார். கயிறு கட்டிய சிறிய வாளி உள்ளே விழுந்த சத்தம் அடங்குமுன் இரண்டு மூன்று இழுப்பில் மேலே வந்து, குனிந்த தலையில் கவிழ்கிறது. கூட்டம் நெருக்கும்போது பின்வரிசைக்குச் சில துளிகளே கிடைக்கும். அதற்கு மனத்தாங்கலும் வரும். ஆனால் நாள் முழுக்கச் சுவர்மேல் நின்று நீர் இறைப்பவரின் தோளையும் உள்ளங்கையையும் அருகில் பார்த்தவருக்குக் கோபம் நிற்காது. கோயிலின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த உழைப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவில், இந்தக் கிணறுகளின் நீர் கடல்நீர் போல் கரிப்பதில்லை. மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் தங்கி நிற்பதே மணல் தீவுகளில் நன்னீர் கிடைக்கக் காரணம். உதட்டில் அக்னி தீர்த்தத்தின் உப்பு இருக்கும்போதே முதல் வாளி விழுவதால், இந்த வேறுபாட்டை நாக்கே உணர்ந்துகொள்கிறது.

தீர்த்தங்களின் பெயர்களும் கவனிக்கத்தக்கவை. நளன், நீலன், கவயன், கவாட்சன் என்று சேது கட்டிய வானரர் பெயரில் சில. கங்கை, யமுனை, கயை என்று வடநாட்டு நதிகள், தலங்களின் பெயரில் சில. காசியிலிருந்து கங்கை நீரைச் செம்பில் அடைத்து, துணி சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்த வடநாட்டு மூதாட்டி, இங்கே கங்கா தீர்த்தம் என்று கேட்டதும் இரு கைகளையும் தலைக்குமேல் குவிக்கிறார். மொழி தெரியாத பக்கத்திலிருப்பவர், அவர்மேல் நீர் விழட்டும் என்று சற்று விலகி இடம் தருகிறார். கட்டடக்கலை பார்க்க மட்டும் வந்தவருக்கு இந்தக் காட்சி தப்பிவிடுகிறது. இந்து அல்லாத பார்வையாளர் கருவறைப் பகுதிக்குள் செல்ல முடியாது. ஆனால் பிராகாரத்தில் பொறுமையாக நின்றால் இது அவருக்கும் கண்ணில் படும்.

கடைசித் தீர்த்தம் கோடி தீர்த்தம். அதன் நீரைப் புட்டியில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கம். அதற்குப்பின் ஈர உடையை மாற்றிக்கொண்டே தரிசனத்துக்குப் போக வேண்டும். அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் விசுவலிங்கத்துக்கு முதல் பூசை. சீதை மணலால் பிடித்ததாகச் சொல்லப்படும் ராமலிங்கத்துக்கு அடுத்து.

காசி யாத்திரை மேற்கொள்ளும் தென்னாட்டார் இன்னும் ஒரு வேலையை மிச்சம் வைக்கிறார்கள். சேது மணலை அள்ளி லிங்கமாகப் பிடித்துப் பூசித்து, அந்த மணலைப் பிரயாகைக்கு எடுத்துச் சென்று திரிவேணி சங்கமத்தில் கரைக்கிறார்கள். அங்கிருந்து கங்கை நீரை எடுத்துக்கொண்டு மறுபடி ராமேஸ்வரம் வந்து, ராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்த பிறகுதான் அவர்களுடைய யாத்திரை முடிகிறது.