பீரோவுக்குள் இருந்த படம்

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு சென்னையில் இருந்தோம். கூட்டமும் இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை. ஒன்றாகப் படித்த ஐந்து பேர் பல வருடம் கழித்துச் சந்தித்தோம், அவ்வளவுதான்.

எங்களில் ஆண்கள் நால்வரும் சென்னையில் ஓர் அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஆறு பேர் இருக்க வேண்டிய அறையில் பதினான்கு பேர். உதவித்தொகை தள்ளிப்போகும் மாதங்களில் ஒருவர் கையில் இருக்கும் பணம்தான் எல்லோருக்கும் டீ. தோழி பெண்கள் விடுதியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மெரினா மணலில் உட்கார்ந்து அம்பேத்கரை வரிவரியாகப் படித்தோம். இன்று ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் ஆசிரியர், தோழி வங்கியில், இன்னொருவர் முழுநேர இயக்கப் பணியில். ஐந்தாமவன் சென்னையிலேயே அரசு வேலையில் இருக்கிறான். அவன் வாடகை வீட்டில்தான் தங்கினோம்.

விடுதி அறைச் சுவரில் புரட்சியாளர் படம் ஒன்று மாட்டியிருந்தோம். காசு போட்டுப் புத்தகக் காட்சியில் வாங்கியது. பிரியும்போது அதை அவன்தான் எடுத்துப்போனான். ஹாலில் தேடினோம், காணோம். இரவு போர்வை எடுக்க அவன் பீரோவைத் திறந்தபோது, பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் படம் இருந்தது.

இயக்கத் தோழருக்குப் பொறுக்கவில்லை. "மேடையில முழங்குன ஆளாடா நீ? அவரையே ஒளிச்சு வச்சிருக்க?"

அவன் பதில் பேசவில்லை. அவன் மனைவிதான் பேசினார். "முந்தின வீட்ல ஹால்லதாண்ணா மாட்டியிருந்தோம். ஓனரம்மா ஒரு நாள் கரண்டு பில் விஷயமா உள்ள வந்தாங்க, பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம், பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும், காலி பண்ணுங்கன்னாங்க. இப்ப அங்க வேற குடும்பம் வாடகைக்கு இருக்கு. பாப்பாவ நடு வருசத்துல ஸ்கூல் மாத்தினோம்."

அதற்கப்புறம் எத்தனை வீடு பார்த்தார்கள் என்று அவருக்கே கணக்கில்லை. "சைவமா?" என்று ஆரம்பித்து, சொந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேள்வி நீளும். சாதி என்ற வார்த்தை மட்டும் வராது. மறுநாள் புரோக்கர் போன் செய்து, ஆள் வந்துவிட்டார்கள் என்பார். மாட்டுக்கறி வாசம் வெளியே போகும் என்று இந்த வீட்டில் சமைப்பதே இல்லை.

தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவை எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். வழக்கறிஞர் தோழர் சொன்னார்: "புகார்ல எழுதுறதுக்கு ஒரு வாக்கியம் வேணும். இவங்க அந்த வாக்கியத்தச் சொல்லாமலே அனுப்பிடுறாங்க."

பிறகு தோழி மெதுவாக, "பரோடா ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. மெரினாவில் படித்ததுதான். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். வேறு இடம் கிடைக்காமல் பூங்காவில் காத்திருந்து இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். தலைக்கு மேல் ஒரு கூரைக்காகப் படத்தில் இருப்பவரே வேறு பெயரில் தங்க வேண்டியிருந்தது. அதைப் படித்தபோது நாம் அவரைக் கோழை என்றோமா? வீட்டு உரிமையாளர் மேல் வர வேண்டிய கோபத்தை நண்பன் மேல் காட்டிவிட்டோம். இயக்கத் தோழர் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆனால் கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவன் மகள், ஆறாம் வகுப்பு படிப்பவள், கேட்டாள்: "அப்பா, இவர நமக்குப் பிடிக்கும்னு வெளிய சொல்லக்கூடாதா?" யாருக்கும் உடனே பதில் வரவில்லை. ஒளிப்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது அந்தக் கேள்வியில் தெரிந்தது.

ஞாயிறு காலை அவளைக் கிண்டிக்கு அழைத்துப்போனோம். காந்தி மண்டப வளாகத்திலேயே இரட்டைமலை சீனிவாசனுக்கும் அயோத்திதாசருக்கும் மணிமண்டபங்கள் இருக்கின்றன. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசா விலையில் வார இதழ் நடத்தியவர் அயோத்திதாசர் என்றோம். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர் இரட்டைமலையார் என்றோம். "ஒரு பைசான்னா எவ்வளவு?" என்று ஆரம்பித்தவள் திரும்பும் வரை கேள்வியை நிறுத்தவில்லை. மதியம் வெளியே கடையில் பீஃப் பிரியாணி. அவன் மனைவி இரண்டாவது தட்டு வாங்கிக்கொண்டார்.

படத்தை ஹாலில் மாட்டு என்று நாங்கள் சொல்லவில்லை. ஊருக்குப் போய்விடும் நமக்கு அதைச் சொல்வது சுலபம். அதற்குப் பதில் தோழி காகிதத்தில் கணக்குப் போட்டார். சொந்த வீட்டுக்கு முன்பணம் சேர, ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று. அவன் மறுத்தான். "டீக்காசு மாதிரி நெனச்சுக்கடா" என்றோம்.

இளம் தோழர்களே, இன்று உங்களோடு முழக்கமிடுகிறவர் நாளை ஒரு வாடகை வீட்டில் வாய் மூடி இருக்கலாம். துரோகி என்று எழுதும் முன் அவர் வீட்டுக்குப் போய் ஓர் இரவு தங்குங்கள். விடுதித் தோழர்களின் எண்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

படம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. டிசம்பர் 6 அன்று மறுபடியும் அந்த வீட்டில் கூடுகிறோம்.

ஜெய்பீம்.