குத்தகை முடிந்த காரும் எங்கள் வீட்டுக் கணக்கும்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் சென்னையிலிருந்து பேசினார். "சார், கம்பெனி கொடுத்த லீஸ் கார் நாலு வருஷம் முடியுது. வாங்கிக்கலாமா, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று கேட்டார். அதே கேள்வி எங்கள் வீட்டிலும் அக்டோபர் முழுக்க ஓடியது. பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மாப்பிள்ளையின் காருக்கும் இந்த வருடம்தான் கெடு. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களில் மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கீழ்பென்னாத்தூர் பக்கம் குத்தகை என்றால் எல்லோருக்கும் தெரியும். மணிலா போட நிலத்தை வாங்கினால், கெடு முடிந்ததும் நிலம் உடையவருக்கே போய்விடும். உழுதவருக்கு நிலத்தில் பங்கு கிடையாது. கார் குத்தகை அப்படி அல்ல. நிலம் தேயாது, கார் தேயும். நான்கு வருடத்தில் எவ்வளவு தேயும் என்று முதல் நாளே ஒரு கணக்குப் போட்டு, அந்தத் தேய்மானத்தையும் அதற்கான வட்டியையும் மாத வாடகையாகச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். தேய்ந்தது போக நிற்கும் தொகைதான் கடைசியில் கேட்கும் விலை. ஆகவே "வெறும் மூணு லட்சத்துக்குக் கார் தர்றாங்க" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள். கடைசி விலை குறைவு என்றால் வாடகையில் ஏற்கெனவே அதிகம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். போன பணம் போனதுதான். இன்று அந்தக் கார் வெளியே என்ன விலை போகிறது என்பது மட்டும்தான் இனி கேள்வி.

அந்த வெளி விலை நம் கையில் இல்லை. 2021, 22இல் சிப் தட்டுப்பாடு வந்து புதுக் கார் கிடைக்காமல் போனபோது, அமெரிக்காவில் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியது. 2018, 19இல் குத்தகை எடுத்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதிய பழைய விலை சந்தையைவிட மிகக் குறைவு. கார் வேண்டாம் என்றிருந்தவர்கள்கூட வாங்கினார்கள். நமக்கு 2025இல் நேர் எதிர். செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் காருக்கு வரி 28 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் என்று இருந்தது 18 ஆக இறங்கியது. புதுக் கார் விலை குறைந்தால் பழையது தானே இறங்கும். மாப்பிள்ளையின் காருக்கு ஆகஸ்டில் 4,60,000 சொன்ன புரோக்கர், அக்டோபரில் 4,20,000 என்றார். ஒப்பந்த விலை மட்டும் 3,10,000இல் அப்படியே நின்றது.

பரவாயில்லை, இன்னும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லாபம் என்றுதான் மாப்பிள்ளை நினைத்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: இந்த விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா?

சேர்க்காமல்தான். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய கார் விற்பனைக்கு 18 சதவீதம் என்று முடிவு செய்தபோது வாட்ஸாப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டுக்காரர் ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. பதிவு பெற்ற வியாபாரி விற்றால், அதுவும் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி. ஆனால் விற்பவர் அந்தக் காரை வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்திருந்தால் இந்தச் சலுகை இல்லை, முழு விலைக்கும் வரி. குத்தகை நிறுவனங்கள் பல அப்படி எடுத்திருக்கும். எங்களுக்கும் அதுதான். 3,10,000க்கு 55,800. ஆக 3,65,800. லாபம் பாதியாகிவிட்டது.

இன்னொன்று. கார் குத்தகை நிறுவனத்துடையதாக இல்லாமல் நீங்கள் வேலை செய்யும் கம்பெனியுடையதாகவே இருந்து, அவர்கள் உங்களுக்கு விற்றால் வருமான வரிக் கணக்கு வேறு. வாங்கிய விலையில் முழுதாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 சதவீதம் கழிப்பார்கள், மிச்சத்திலிருந்து மிச்சமாக. பத்து லட்சம் கார் என்றால் 8,00,000, பிறகு 6,40,000, பிறகு 5,12,000, நாலாவது வருடம் 4,09,600. இதற்குக் கீழே எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த வித்தியாசம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். என்னிடம் சதவீதக் கணக்குக்கு அழுதவர்கள் இப்போதாவது ஒருமுறை போட்டுப் பாருங்கள்!

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க வேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் லாபம் இல்லை. என் துணைவியாருக்கு மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மர் போக வேண்டியிருக்கிறது. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போய் வருவது அவருக்கு இனி முடியாது. வாடகைக் கார்தான். அவரோ, "மாசம் ஒரு தடவை போறதுக்கு எதுக்குங்க சொந்தக் காரு? இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கூட்டிப் பாருங்க" என்றார். கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி, வாடகை மலிவு. ஆனால் போன ஜூலையில் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கியபோது நான்கு டிரைவர்களுக்குப் போன் போட்டு, ஐந்தாமவர்தான் எடுத்தார். அந்த நாற்பது நிமிடத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? வாங்குவோம் என்று சொல்லிவிட்டேன்.

வேறு பழைய கார் வாங்கலாமே என்று தம்பி கேட்டான். இந்தக் காரை நான்கு வருடம் ஓட்டியது யார், எங்கே இடித்தது, எப்போது ஆயில் மாற்றியது எல்லாம் எங்களுக்குத் தெரியும். சந்தையில் அந்தத் தகவலை விலைக்கு வாங்க முடியாது.

காகித வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். ஆர்.சி. குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருந்ததால் மாப்பிள்ளை இரண்டாவது உரிமையாளர். பிறகு என் பெயருக்கு மாற்றினால் மூன்றாவது, விற்கும்போது அடி விழும். அதனால் அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். படிவம் 29, 30 இரண்டும் பெயர் மாற்றத்துக்கு. ஆர்.சி.யில் கடன் அல்லது குத்தகை என்று குறித்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றச் சொல்ல வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. பழைய பாலிசியின் தள்ளுபடி நமக்கு வராது.

பெங்களூர் வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் வாங்கி இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு முன் அங்கிருந்து தடையில்லாச் சான்று, படிவம் 28. இந்தச் செலவையும் வாங்கும் முன்பே விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அபராதம் பாக்கி உள்ளதா என்று பாருங்கள். எங்கள் காருக்கு இரண்டு இருந்தன, இரண்டும் பெங்களூர் சிக்னலில். மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்தார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

கார் இப்போது எங்கள் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. தடையில்லாச் சான்று வந்ததும் திருவண்ணாமலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், சிபாரிசு எல்லாம் வேண்டாம், எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்று மட்டும் சொல்லுங்கள்.