ஸ்டெப்பும் படியும்

தமிழகத்திற்கு வெளியே வளரும் பிள்ளைகளின் அன்றாடப் பேச்சில் ‘ஸ்டெப்’ என்னும் ஆங்கிலச் சொல் பலமுறை வந்துபோகிறது. மாடிக்கு ஏறும்போது அது படி. கணக்கில் விடை சரியாக இருந்தும், இடையில் ஒன்றை எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறைகிறது; அங்கே அது படிநிலை. பரதநாட்டியம் பயிலும் பிள்ளைக்கு அது அடவு. குடியரசு நாள் அணிவகுப்பில் அனைவரும் ஒன்றாக எடுத்து வைப்பது அடி. “அடுத்த வீட்டுக்கு ஓர் எட்டுப் போய்விட்டு வா” என்று பாட்டி சொல்லும்போது அது எட்டு. ஒரு சிக்கலைத் தீர்க்க அரசு எடுப்பதோ நடவடிக்கை. ஆங்கிலம் ஒரே சொல்லால் உணர்த்துவதைத் தமிழ் இடத்திற்கேற்ற பல சொற்களால் உணர்த்துகிறது.

இப்பொருள்கள் யாவும் காலை எடுத்து வைத்தல் என்னும் ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை. கால் வைக்கும் இடமும் ‘ஸ்டெப்’ ஆயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் செயலும் அப்பெயரையே பெற்றது. குஜராத்தின் பாட்டன் நகரில் 11ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘இராணி கி வாவ்’ என்னும் கிணற்றை ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்வெல்’ என்பர். ஏழு தளங்களாகக் கீழிறங்கும் அக்கிணற்றை யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அதைப் ‘படிக்கிணறு’ என்று தமிழில் சொன்னால் பொருள் சிறிதும் சிதையாது.

ஆனால், எல்லா இடத்திலும் அவ்வாறு பெயர்க்க இயலாது. ‘ஸ்டெப்மதர்’ என்பது அத்தகைய சொல்.

வடநாட்டு நகரம் ஒன்றில் ஆறாம் வகுப்பில் பயின்ற சிறுவன் ஒருவன், மிக இளமையிலேயே தாயை இழந்தவன். தந்தை மறுமணம் செய்துகொண்டார். புதிதாக வந்தவரைச் சிறுவன் ‘சித்தி’ என்று அழைத்தான். அவன் பள்ளிக்குப் புறப்படும் முன் உணவு கட்டிக் கொடுப்பவரும், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பவரும் அவரே. ஒருநாள் வகுப்புத் தோழன், “அப்படியானால் அவர் உன் ஸ்டெப்மதர்” என்றான். ‘ஸ்டெப்’ என்றால் படி என்று மட்டுமே சிறுவன் அறிந்திருந்தான். தாயைவிட ஒரு படி கீழானவர் என்று அதற்குப் பொருள் கொண்டான். வீட்டிற்கு வந்த தமிழ் நாளிதழிலோ ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்னும் தொடர் இருந்தது. ஓரவஞ்சனையைக் குறிக்க அதை எழுதியிருந்தார்கள். அந்த முறை பெற்றோர் கூட்டத்திற்குச் சித்தி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

சில நாள் கழித்துப் பள்ளி நூலகத்தின் பெரிய ஆங்கில அகராதியை அவன் புரட்டினான். படியைக் குறிக்கும் ‘ஸ்டெப்’ ஓரிடத்திலும், உறவுப் பெயர்களின் முன்வரும் ‘ஸ்டெப்’ வேறோர் இடத்திலும் இருந்தன. எழுத்து ஒன்றாயினும் அவை வெவ்வேறு சொற்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆங்கிலத்தில், இரண்டாவது சொல் இழப்பைக் குறித்த ஒரு சொல்லோடு உறவுடையது. ‘ஸ்டெப்சைல்டு’ என்பது அக்காலத்தில் பெற்றோரை இழந்த குழந்தையின் பெயர். அக்குழந்தையைப் பேண வந்தவருக்கும் அதே முன்னொட்டு வழங்கிற்று. அச்சொல்லில் உயர்வுமில்லை, தாழ்வுமில்லை. ஒரு குழந்தையின் துயரமே அதில் பதிந்திருக்கிறது.

தமிழில் ‘சிற்றன்னை’ என்னும் சொல்லும் உண்டு. தாயின் தங்கையையும் தந்தையின் மறுமனைவியையும் அச்சொல் வேறுபாடின்றிக் குறிக்கும். பேச்சு வழக்கில் அதுவே ‘சித்தி’. இருவருக்கும் அதில் ‘அன்னை’ என்னும் நிலை உண்டு. அன்று மாலை சிறுவன், “சித்தி, அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் வாங்க” என்றான். அவன் ஏன் முன்பு மறுத்தான் என்று அவர் கேட்கவில்லை.

ஒரே வடிவில் பல பொருள் பொதிந்திருப்பது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழில் ‘படி’ என்பதை நோக்கலாம். நூலைப் படிக்கிறோம். மேசைமீது தூசி படிகிறது. பேரம் பேசியபின் விலை படிகிறது. முன்னாளில் 8 ஆழாக்கு சேர்ந்தது ஒரு படி. சான்றிதழின் நகலும் படி. தந்தையின் ஊதியத்தோடு வருவது அகவிலைப்படி. “சொன்னபடி செய்” என்னும்போது அது ஓர் இடைச்சொல். இவற்றையெல்லாம் மாடிப்படி என்று கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்தால் ஊதியம் மாடியேறும். தூசி பாடம் படிக்கும்.

ஆகவே, ஒரு சொல்லின் பொருளை அறிய அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களை முதலில் நோக்க வேண்டும். பிறகும் ஐயம் எழுந்தால் அகராதியை நாட வேண்டும். ஒரே எழுத்துடைய வெவ்வேறு சொற்களுக்கு நல்ல அகராதிகள் 1, 2, 3 எனத் தனித்தனி எண் தருகின்றன. முதல் எண்ணோடு நின்றுவிடாமல் அடுத்த எண்ணையும் பார்ப்பது நன்று. பிறரை ஒரு சொல்லால் அளக்கும் முன் அதைச் செய்வது மிக நன்று.