ஒருத்தர்தான் பாக்கி!

வள்ளூர் அனல் மின்நிலையத்தில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மீஞ்சூர் ரோட்டில் நின்று பாருங்கள். 1,500 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கிற ஊரில் வீடு போய்ச் சேர பஸ் கிடைப்பது லேசில்லை. ஷேர் ஆட்டோதான் வரும். "ஒருத்தர்தான் பாக்கி, ஏறு சார்!" உள்ளே எட்டிப் பார்த்தால் ஏழு பேர். நீங்கள் எட்டாவது. அப்புறமும் ஒருத்தர்தான் பாக்கி!

டிரைவரின் மூளையைக் கவனியுங்கள். வழியில் இறங்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஓரம், ஸ்டேஷன் வரை போகிறவருக்கு நடு சீட், "கூடைய கால்கிட்ட வெச்சிக்கினு தள்ளிக் குந்துமா" என்று மீன்கார அம்மாவுக்கு ஓர் இடம். இதே கணக்கைத்தான் 2014-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ஊபர் பூல்' என்று பெரிய கண்டுபிடிப்பாக அறிவித்தார்கள். மறு வருடம் இந்தியாவுக்கும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்திவிட்டது. (அவர்களும் முதல் ஆள் இல்லை. 1914-லேயே லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து சென்ட்டுக்கு 'ஜிட்னி' ஓடியிருக்கிறது.)

சட்டம் என்ன சொல்கிறது? மொத்த வண்டியையும் வாடகை பேசிப் போவதற்கு ஒரு பர்மிட். வழியெல்லாம் ஏற்றி இறக்கித் தனித்தனியாகக் காசு வாங்க, பஸ்ஸுக்கு உள்ளதுபோல வேறு பர்மிட். இதைச் சொல்லித்தான் 2017-ல் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா, ஊபரையே தடுத்தது.

அபராதம் டிரைவர் கவலை. நம் கவலை வேறு. 42 பேர் போக வேண்டிய பஸ்ஸில் 90 பேர் போய் விபத்தான வழக்கில், 2007-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. இன்ஷூரன்ஸ் கம்பெனி 42 பேருக்குத்தான் பொறுப்பு. நஷ்டஈடுகளில் பெரிய 42 தொகைகளைக் கூட்டிக் கட்ட வேண்டும்; அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நஷ்டஈட்டிலும் ஷேர்! மீதியை வண்டிச் சொந்தக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாமாம். நம் ஆட்டோக்காரரிடம், பேங்க் கடனைத் தவிர என்ன இருக்கும் சொல்லுங்கள்?

"ஆர்.சி.யில எத்தனை சீட்டுப்பா?" என்று ஒருவரிடம் கேட்டேன். "இன்னா சார், வண்டிய வாங்கப் போறியா?" என்றார். பின்சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

இந்த வண்டிகளைப் பிடித்து உள்ளே போடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் பெண்களுக்கு வேறு வழியில்லை. பத்திரமாக எத்தனை பேர் உட்கார முடியும் என்று அதிகாரிகளே எண்ணிப் பார்த்து, அத்தனை பேருக்கும் பர்மிட்டும் இன்ஷூரன்ஸும் கொடுக்கட்டும். அதற்கு மேல் ஒருத்தர் என்றால், அடுத்த வண்டி.