ரெண்டு குடம் தண்ணி

எங்கப்பா சம்மட்டி தூக்கிக் கல்லுடைச்சார். எங்கண்ணன் கரண்டு மிஷின்ல கல்லறுத்தான். அப்பாவுக்குக் கையும் இடுப்பும் போச்சு. அண்ணனுக்கு உசுரே போச்சு. நாலு வருசம் ஆகுது. அப்போ முப்பத்தெட்டு வயசு.

ஓசூர்ப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறை. பிளேடு கல்லில் பட்டதும் வெள்ளை மாவாகப் பறக்கும். துண்டை மூஞ்சியில் சுத்திக்கொள்வான். துண்டில் நிற்பது பெரிய தூசுதான். கண்ணுக்கே தெரியாத சிலிக்காத் தூசு உள்ளே போய்த் தங்கும். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். இதுக்குப் பேர் சிலிகோசிஸ். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. சாயங்காலம் பட்டறையைக் கூட்டுவது எங்க அண்ணி. தண்ணி தெளிக்காமல் கூட்டினால் அடங்கின தூசு மறுபடி எழும்பும்.

ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாசம் மாத்திரை. 'என்ன வேலை செய்யறே?' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கல்தூசு குடித்த நுரையீரலுக்கு டி.பி.யும் சீக்கிரம் வரும். அதனாலேயே ரெண்டையும் பார்த்திருக்கணும். 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே, கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சிலிகோசிஸ் இருந்தது. அண்ணன் சீட்டில் டி.பி. மட்டும்தான். நஷ்டஈடு கேட்கப் போனேன். "டி.பி. உங்க சேரி வியாதி. பட்டறைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் முதலாளி. அண்ணன் பேர் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அண்ணன் ஒருதரம் கேட்டிருக்கிறான்: "தண்ணி விட்டு அறுக்கற மிஷின் வாங்குங்க சாமி." "போர்த் தண்ணி உங்கப்பன் போட்டதா? மிஷின்ல தண்ணி ஊத்தினா கரண்டு அடிச்சுச் சாவே."

சாதாரண மிஷினில் ஊத்தினால் ஷாக் அடிக்கும், மெய்தான். தண்ணிக் குழாய் வைத்தே வருகிற மிஷின் இருக்கிறது. தூசை அங்கேயே உறிஞ்சுகிறதும் இருக்கிறது. கையில் பிடித்து அறுக்கும் மிஷினுக்கு நிமிசத்துக்கு அரை லிட்டராவது தண்ணி விடாமல் விழணும் என்கிறது இங்கிலாந்து அரசின் வழிகாட்டி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 லிட்டர். ரெண்டு குடம்.

1927 மார்ச் 20-இல் மகாத் குளத்தில் பாபாசாகேப் கையால் அள்ளிக் குடித்தார். எங்கம்மா ஊர்க்கிணற்றோரம் காலிக் குடத்தோடு, யாராவது ஊத்துவாங்களா என்று நின்றவள். அவ பெத்த பிள்ளைக்கு ரெண்டு குடம் தண்ணி விடாமத்தான் கொன்னாங்க.

அண்ணன் மகனுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. அதே பட்டறை கூப்பிடுது. போகாதேடா என்றேன். "வேற வேலை எங்கத்தே இருக்கு?" என்றான். எனக்குப் பதில் வரலை.

அவன் ஒருத்தன் கேட்டால் வேலை போகும். அதனால் அறுக்கிறவங்க, கூட்டுற பொம்பளைங்க, நாங்க பதினோரு பேர் சேர்ந்து மனு எழுதியிருக்கோம். ரிஜிஸ்டரில் பேர் ஏத்து. வருசா வருசம் நெஞ்சுப் படம் எடு. பிளேடு மேல தண்ணி விடு. தண்ணி விழுந்தப்புறம்தான் கல்லு.