47 மயிலிறகுகள்

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு தனியார் ஆலை. சவுக்கும் முந்திரியும் மண்டிய பெரிய வளாகம். வெளியே வேர்க்கடலைக் கொல்லையில் துரத்தப்படும் மயில்களெல்லாம் மதில் தாண்டி வந்து அங்கேயே தங்கிவிட்டன. உள்ளே நாய் இல்லை, குடிக்கத் தண்ணீர் உண்டு. அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியவர்தான் என் கட்சிக்காரர். 19 வருடமாக அங்கே தோட்ட வேலை பார்த்தவர்.

ஓர் ஆனி மாதச் சாயங்காலம் கேட்டில் சோதனை போட்டபோது அவர் பையில் 47 மயிலிறகுகள் இருந்தன. திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுப்பதாக மகனுக்கு வேண்டுதல். போன பருவத்தில் உதிர்ந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்வெட்டி வைக்கிற கொட்டகையில் சேர்த்து வைத்திருக்கிறார். நிர்வாகம் இரண்டு குற்றங்கள் சுமத்தியது. ஆலைச் சொத்தைத் திருடினார்; மயிலைப் பிடித்து இறகைப் பிடுங்கினார். உள்விசாரணை என்று ஒன்றை நடத்தி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

“வக்கீல் சார், அதுங்க போட்டதத்தான் எடுத்தேன். குஞ்சுலேர்ந்து பாக்கறேன், பிடுங்குவனா?” என்று கேட்டவருக்கு, வேலை போனதைவிடப் பிடுங்கினான் என்று எழுதியதுதான் பொறுக்கவில்லை.

ஜெயிலுக்குப் போகணும் என்று யாரோ மிரட்டியும் இருந்தார்கள். மிரட்டலில் உண்மை இல்லாமல் இல்லை. 1963-இல் தேசியப் பறவையான மயில், 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும், உடலில் ஒரு பாகத்தை எடுப்பதும், முட்டையைச் சேதப்படுத்துவதும்கூட ‘வேட்டை’தான். அப்போதிருந்த சட்டப்படி தண்டனை குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு. அபராதம் 10,000 ரூபாய்க்குக் குறையாது. 2022 திருத்தம் அதை 25,000 ஆக்கியது. இந்தக் கடுமை வேண்டும் என்பதே என் கட்சி. விஷம் வைத்த தானியத்தைத் தின்று வரப்போரம் செத்துக் கிடக்கும் மயில்களைப் பற்றிப் படிக்காத வருடம் இல்லை.

அதே சட்டம் மயிலின் தோகை இறகை மட்டும் வணிகத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆண் மயிலின் தோகை வருடா வருடம் இணை சேரும் பருவம் முடிந்ததும் தானாக உதிர்ந்து, மறுபடி முளைப்பது. காவடிக்கும், தர்காவில் ஓதி வருடுகிற கற்றைக்கும் ஜனங்கள் அதைக் காலங்காலமாகப் பொறுக்கித்தான் வருகிறார்கள். ஆக, கேள்வி ஒன்றே: உதிர்ந்ததா, பிடுங்கியதா?

பதில் இறகின் அடித்தண்டிலேயே இருக்கிறது. தானாக விழுந்த இறகின் நுனி வெளுத்து, காய்ந்து, வழவழவென்று கூம்பி முடியும். பிடுங்கியதில் ரத்தமோ சதைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். நிர்வாகம் தாக்கல் செய்த கட்டைச் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் அவிழ்த்து, வெள்ளைத் தாளில் வரிசையாகப் பரப்பினோம். கண்ணையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி, தண்டு நுனி மேஜை விளிம்பில் தெரியும்படி வைத்தேன். நீதிபதி பூதக்கண்ணாடியோடு குனிந்து, 47-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் கறை இல்லை.

திருட்டு வாதம் அவ்வளவு சுலபமாக விழவில்லை. நிலம் எங்களுடையது, அதில் விழுந்ததும் எங்களுடையது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நிர்வாகத் தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

“மயில்களுக்கு ஏதாவது ரிஜிஸ்டர் உண்டா?”

“இல்லை.”

“இறகுகளுக்கு?”

“இல்லை.”

“கூட்டிப் பெருக்கும் இறகு எங்கே போகும்?”

“குப்பைக் குழிக்கு.”

“மயில் ஒன்று செத்துவிட்டால்?”

“வனத்துறைக்குச் சொல்வோம்.”

“ஏன்?”

“அது அரசாங்கத்துச் சொத்து, சார்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உயிரோடு திரிகிற காட்டுப் பறவை யார் வசத்திலும் இல்லை. செத்தால் 39-ஆம் பிரிவின்படி அரசுக்கு. ஆலைக்கு எந்த நிலையிலும் இல்லை. உதிர்ந்ததையோ அவர்களே குப்பையாகத்தான் கொட்டி வந்திருக்கிறார்கள்.

தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவின் கீழ் நீதிமன்றம் பணிநீக்கத்தை ரத்து செய்தது. தொடர் பணியோடு மறுபடி வேலை, ஆனால் நிலுவைச் சம்பளத்தில் பாதிதான். அனுமதி கேட்காமல் பொருளை வெளியே எடுத்துச் சென்றது ஒழுங்கீனம் என்றது தீர்ப்பு. அந்தப் பாதிச் சம்பளம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொன்னேன். “வேணாம் சார், தொட்டி காஞ்சி கெடக்குதாம்” என்றார்.

கட்டைத் திரும்பப் பெற மனுப் போட்டு வாங்கினோம். வருடக்கணக்கில் பீரோவில் கிடந்ததில் அந்துப்பூச்சி அரித்திருந்தது. நீதிமன்ற வராந்தாவிலேயே உட்கார்ந்து, தொட்டால் உதிர்கிறதை விலக்கி, நல்லதாகப் பதினொன்றைப் பொறுக்கித் துண்டில் சுற்றிக்கொண்டார். அந்த ஆடியில் அவர் மகன் தோளில் போன காவடியில் அந்தப் பதினொன்றும் இருந்தன.