வாழ்கிறான் என்பதும் வாழ்க என்பதும்

எமது மகள் உயர்தர வகுப்பு மாணவி. பாடச் சுமை போதாதென்று, கைத்தொலைபேசியின் துணையோடு ஸ்பானிய மொழியையும் கற்கத் தொடங்கியிருக்கிறாள். தமிழ் இலக்கணம் கற்பித்தே காலங் கழிக்கும் நாமும் அவளருகே அமர்ந்து மாணவரானோம். கந்தளாய்க் குளக்கட்டில் மாலைக் காற்று வாங்கி மீண்டதும், வீட்டு விறாந்தையில் எமது வகுப்பு ஆரம்பமாகும்.

சென்ற மாதம் ஓரிடத்தில் அவள் தடுமாறினாள்.

“அப்பா, ‘விவே’ எண்டால் ‘வாழ்கிறான்’. பிறகேன் இங்கே ‘விவா’ எண்டு கிடக்கு?”

நூலைப் புரட்டினோம். விதி எளியதே. அம்மொழியின் ஒழுங்கான வினைகள் மூவகை. பேசுதலைக் குறிக்கும் ‘ஆப்லார்’ போல ‘ஆர்’ என முடிவன ஒரு வகை. குடித்தலைக் குறிக்கும் ‘பெபேர்’, வாழ்தலைக் குறிக்கும் ‘விவீர்’ போல ‘ஏர்’, ‘ஈர்’ என முடிவன மற்றை இரு வகைகள். உள்ளதை உள்ளபடி கூறும்போது ஆப்லா, பெபே, விவே: பேசுகிறான், குடிக்கிறான், வாழ்கிறான். விருப்பமோ, ஐயமோ, வேண்டுதலோ முன்னே வந்துவிட்டால் ஈற்றுயிர்கள் இடம் மாறிக்கொள்கின்றன: ஆப்லே, பெபா, விவா. ஆகாரம் இருந்த இடத்தில் ஏகாரம். ஏகாரம் இருந்த இடத்தில் ஆகாரம்.

“விதி விளங்குது அப்பா. ஓரெழுத்தை மாத்தி என்ன பயன்?” என்றாள்.

எமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. வியங்கோள் வினைமுற்று மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது என்பார் பவணந்தியார். யான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க என எங்கும் ஒரே வடிவம். ஸ்பானியரோ இடமும் எண்ணும் நோக்கி ஈற்றை வேறுபடுத்துவர். ஆயினும், ஊர்வலங்களில் அவர்கள் முழங்கும் ‘விவா’ நமது ‘வாழ்க’வே அன்றோ? ‘ஓஹலா’ என்றொரு சொல்லும் அவர்களிடம் உண்டு. ‘அவ்வாறே ஆகுக’ என ஏங்கும் அச்சொல்லின் பின்னே இவ்வினைவடிவமே வரும். அது அரபுமொழி தந்த சொல்; இறைவன் பெயர் அதனுள் மறைந்திருக்கிறது. முஸ்லிம் அயலவர் ‘இன்ஷா அல்லாஹ்’ என்று கூறக் கேட்டு வளர்ந்த எமது ஊராருக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

1986 ஏப்ரல் 20ஆம் நாள் குளக்கட்டு உடைந்து பேரழிவு கண்ட ஊர் இது. ‘கட்டு நிற்கிறது’ என்பதற்கும் ‘கட்டு நிற்க’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மழைக்காலத்தில் எவரும் எமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வாறு பேசிக்கொண்டிருக்கையில், அயல்வீட்டு மூதாட்டி ஒரு படிவத்தோடு வந்தார். போர்க்காலத்தில் வெளியே சென்ற அவருடைய மகன் இன்றுவரை திரும்பவில்லை. படிவங்களை நிரப்பிக் கொடுப்பது எமது வழக்கம். பெயர், பிறந்த திகதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த வினா: ‘உயிருடன் இருக்கிறாரா?’ எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு கட்டங்கள். எமது பேனா நின்றுவிட்டது.

“இருக்கிறான் எண்டு எழுத எனக்குத் தெரியாது, தம்பி. இல்லை எண்டு எழுதச் சொல்ல வாய் வராது. அவன் நல்லா இருக்கட்டும்” என்றார்.

இரு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, கீழே ‘அறியேன்’ என்று மட்டும் எழுதினோம். அவர் கையொப்பமிட்டு, படிவத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு போனார்.

மகள் குறிப்பேட்டை எடுத்தாள். ‘க்ரேயோ கே விவே’: அவன் வாழ்கிறான் என நம்புகிறேன். ‘கியேரோ கே விவா’: அவன் வாழவேண்டும் என விரும்புகிறேன். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டாவதன் அருகே ‘இருக்கட்டும்’ என்று குறித்தாள். ஓரெழுத்தால் என்ன பயன் என்று பிறகு அவள் கேட்கவில்லை.

மாணவர்களே, வாய்பாடுகளை மனனஞ் செய்யுங்கள், அது வேண்டியதே. ஆயினும் ஓரெழுத்து மாறும் இடத்தில் சற்றே நின்று பாருங்கள். உள்ளதைக் கூறும் வினை மட்டும் மனிதருக்குப் போதவில்லை. தெரியாத ஒன்றை வேண்டி நிற்கவும் ஒரு வினை தேவைப்பட்டது. அத்தாய்க்கு அதனை எந்த நூலும் கற்பிக்கவில்லை.

அவர் வேண்டுதல் பலிப்பதாக.